எப்படி இறந்தார் என்பதும் மரியாதையில் சேர்த்தி

2017 டிசம்பர் 13 அதிகாலை. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாசலுக்குள் சென்னையிலிருந்து போன தனிப்படை நுழைந்தது. கொளத்தூர் நகைக்கடை ஒன்றில் கூரையைத் துளைத்து இறங்கி, கிலோக்கணக்கில் தங்கத்தை அள்ளிச் சென்ற கும்பலின் ஆள் அங்கே பதுங்கியிருப்பதாகத் தகவல். உள்ளே இருந்தவர்கள் போலீசைத் தாக்கினார்கள். அந்தக் கைகலப்பில் மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றே அன்று தமிழ்நாடு முழுக்கச் செய்தி பரவியது. வடமாநிலக் கொள்ளையரைத் தேடிப் போகும் தமிழ்நாட்டுப் போலீசின் கதையைச் சொன்ன 'தீரன் அதிகாரம் ஒன்று' திரைக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. படத்தில் பார்த்த சண்டையின் சாயலிலேயே மக்கள் இந்த மரணத்தையும் மனதில் வாங்கிக்கொண்டார்கள். உடல் விமானத்தில் வந்தது. அரசு மரியாதையோடு, தென்கோடியில் மூவிருந்தாளி என்ற அவருடைய சொந்த ஊரில் இறுதிச் சடங்கு நடந்தது.

சில நாட்களில் ராஜஸ்தான் போலீசின் விசாரணை வேறொன்றைச் சொன்னது. குண்டு கொள்ளையர் சுட்டதல்ல. உடன் சென்ற சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து, அந்தத் தள்ளுமுள்ளில், தவறுதலாகப் பாய்ந்தது.

இந்தத் தகவலோடு ஒரு சங்கடமும் வந்து உட்கார்ந்துகொண்டது. சிலருக்கு அந்த மரணமே சற்றுச் சிறுத்துப்போனதாகத் தோன்றியது. வேறு சிலர், இதையெல்லாம் எதற்கு வெளியே சொல்ல வேண்டும், போனவர் போய்விட்டார், பெயராவது நிலைக்கட்டும் என்று வருந்தினார்கள். இரண்டு தரப்பும் எதிரெதிரே நிற்பதுபோலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: காவலரின் மரணத்துக்குப் பெருமை எதிரியின் குண்டால் வருகிறது என்பது.

அந்த நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பெரியபாண்டியன் செய்த செயல் எது? ஊரும் தெரியாது, பேச்சும் தெரியாது. உள்ளே எத்தனை பேர், கையில் என்ன என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்குள் விடிவதற்கு முன் கால் வைத்ததுதான் அவருடைய செயல். அதன் பிறகு பாய்ந்த குண்டு எந்தக் குழலிலிருந்து வந்தது என்பது அவர் கையில் இல்லை. தன் கையில் இருந்ததை அவர் முழுமையாகச் செய்திருந்தார். குண்டின் முகவரி மாறியதும் மரியாதை குறைகிறது என்றால், நாம் வணங்கியது அவரை அல்ல, நம் மனதில் ஓடிய படத்தை.

இந்தியக் காவல்துறை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாளே இதற்குச் சாட்சி. 1959 அக்டோபரில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியிலிருந்து ரோந்து போன இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் திரும்பி வரவில்லை. மறுநாள், 21-ஆம் தேதி, கரம் சிங் என்ற அதிகாரி தலைமையில் ஒரு சிறு குழு அவர்களைத் தேடிக் கிளம்பியது. அந்த எல்லையில் அப்போது காவல் நின்றது ராணுவம் அல்ல, போலீஸ். ஏறக்குறைய 16,000 அடி உயரத்தில், மேட்டிலிருந்து சீனப் படை சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். மூன்று வாரம் கழித்து நவம்பர் 13-இல்தான் உடல்கள் திரும்பக் கிடைத்தன. அங்கேயே எரியூட்டினார்கள். அந்தப் பத்துப் பேர் எந்தச் சண்டையிலும் வெல்லவில்லை, எந்த இடத்தையும் பிடிக்கவில்லை. காணாமல் போன கூட்டாளிகளைத் தேடிப் போனார்கள், அவ்வளவுதான். அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள் ஆனதற்கு அது போதுமானதாக இருந்தது.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. துக்க வீட்டில் எல்லா உண்மையும் பேசக்கூடாது என்பது நம் ஊரின் பழைய பண்பு. கணவரை இழந்தவரிடம் போய் 'உங்கள் வீட்டுக்காரர் தனியாகப் போயிருக்கக்கூடாது' என்று சொல்பவரை யாரும் உண்மை விளம்பி என்று மெச்சமாட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே அப்பாவின் பெயர் எப்படிப் பேசப்படுகிறது என்பது அவர்களுக்குச் சோறு போலத் தேவையான விஷயம். கைதவறிச் சுட்டுவிட்ட அந்தச் சக அதிகாரியும் ஒரு மனிதர். ஊரே தன் பெயரை உச்சரிக்கும்போது மீதி வாழ்நாளை அவர் எப்படிக் கழிப்பார்? இத்தனை பேருக்கு வலி தரும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

காரியம் முடியும்வரை பேசாதிருப்பது வேறு. அந்த மௌனத்தையே கோப்பில் ஏற்றி நிரந்தரமாக்குவது வேறு. முதலாவது இரக்கம். இரண்டாவதால் பயன்பெறுவது துக்க வீடு அல்ல, பெரும்பாலும் அலுவலகம். சக அதிகாரியின் நிலையை எண்ணிப் பார்த்தாலும் விடை அதே பக்கம்தான் சாய்கிறது. நடந்தது விபத்து என்று விசாரணையோடு வெளிப்படையாகச் சொல்லப்பட்டால் அவருக்கு ஒரு வரம்பு கிடைக்கிறது. அதற்கு மேல் யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மூடிவைத்தால் அவர் காலமெல்லாம் கிசுகிசுவில் வாழ வேண்டும். கிசுகிசு விபத்தைக் கொலையாக்கும்.

குடும்பங்கள் உண்மையைத் தாங்கமாட்டார்கள் என்று முடிவு செய்வதும் அவர்களைக் கேட்காமல் நாம் செய்யும் முடிவு. பயங்கரவாதிகள் மும்பையைத் தாக்கிய 2008 நவம்பர் 26 இரவு, காமா மருத்துவமனையை ஒட்டிய ரங்பவன் சந்தில், ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்த ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சலாஸ்கர் ஆகிய மூன்று அதிகாரிகளும் சுடப்பட்டார்கள். மூவருக்கும் அசோக சக்ரா கிடைத்தது. நாடு தலைவணங்கியது. அசோக் காம்தேயின் மனைவி வினிதா காம்தேக்கு அது போதவில்லை. கிழக்கு மண்டலத்தைக் கவனிக்க வேண்டிய தன் கணவர் அந்தச் சந்துக்கு ஏன் வந்தார், உதவிப் படை கேட்டு வயர்லெஸ்ஸில் பேசியபோது கட்டுப்பாட்டு அறை என்ன செய்தது, சுடப்பட்டவர்களிடம் ஆள் வந்துசேர ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று அவர் கேட்டார். பதில் வராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அன்றிரவின் வயர்லெஸ் பதிவுகளை வாங்கினார். நிமிடம் நிமிடமாக அவற்றைக் கோத்து 2009-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

கர்கரேயின் மனைவி கவிதாவின் கேள்வி இன்னும் எளிமையானது. அன்று கணவர் போட்டிருந்த குண்டு துளைக்காத அங்கி எங்கே? டிவியில் கோடிப் பேர் பார்க்க அவர் அதை மாட்டினார். மருத்துவமனையில் கழற்றிய பிறகு அது காணாமல் போனது. அங்கி தரமானதுதானா, அதை வாங்கிய கோப்பில் என்ன இருக்கிறது என்று கவிதா தகவல் கேட்டு அலைய வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு பெண்களையும் யாரும் கணவரின் பெருமையைக் குலைத்தவர்கள் என்று சொல்ல முடியாது. பதக்கத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டில் இருந்திருக்கலாம். ஒரு வயர்லெஸ் பதிவும் ஒரு அங்கியும் பதக்கத்தைவிட முக்கியம் என்று அவர்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த முறை அதே அங்கியை மாட்டிக்கொண்டு போகப்போவது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

லண்டனில் நடந்த ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1984 ஏப்ரல் 17 அன்று செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் லிபியத் தூதரகத்துக்கு முன்னால் ஒரு ஆர்ப்பாட்டம். கூட்டத்தைக் கவனித்துக்கொண்டு நின்ற பெண் காவலர் இவோன் பிளெட்சருக்கு வயது 25. தூதரகத்தின் ஜன்னலிலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். அவர் இறந்தார். தூதரகத்தைப் போலீஸ் சூழ்ந்து நின்ற நாட்கள் முழுக்க அவருடைய தொப்பியும் மற்றக் காவலர்களின் ஹெல்மெட்டுகளும் விழுந்த இடத்திலேயே தெருவில் கிடந்தன. உள்ளே இருந்தவர்கள் தூதரகப் பாதுகாப்பு உரிமையோடு விமானமேறிப் போனார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில், அவர் விழுந்த இடத்திலேயே ஒரு கல் நடப்பட்டது. பிரதமர் தாட்சர் திறந்து வைத்தார். திரைப்பட இயக்குநர் மைக்கேல் வின்னர் தொடங்கிய அறக்கட்டளை நிறுவிய முதல் கல் அது. காவலர் எங்கே விழுந்தாரோ அங்கேயே கல் நடுவது என்று அந்த அறக்கட்டளை வைத்துக்கொண்டது, அரண்மனை வாசலில் சிலை வைப்பதைவிட நேர்மையான ஏற்பாடு.

ஆனால் கல் நட்டதோடு எல்லாம் அடங்கிவிட்டிருக்கும், ஜான் மர்ரே என்ற சக காவலர் இல்லாவிட்டால். சாகும் தறுவாயில் கூட இருந்தவர் அவர். யார் செய்தது என்று கண்டுபிடிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அரசுகள் மாறின. லிபியா பொறுப்பேற்று நஷ்டஈடு கொடுத்தது. இரு நாட்டு உறவும் சீரானது. குற்றவியல் வழக்கு மட்டும் நடக்கவில்லை. மர்ரே தன் சொந்தப் பெயரில் உரிமையியல் வழக்குப் போட்டார். கேட்டது ஒரே ஒரு பவுன். 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம், அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு சாலே இப்ராஹிம் மப்ரூக் என்பவரும் கூட்டுப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. முப்பத்தேழு ஆண்டுகள். ஓய்வுபெற்ற ஒரு காவலர் தன் தோழியை நினைவுகூர்ந்த முறை இது. மாலையோடு திருப்தியடையாமல், நடந்ததை ஒரு நீதிபதியின் வாயால் பதிவு செய்ய வைத்தார்.

மர்ரே தேர்ந்தெடுத்த வழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இறந்த காவலரின் பெயரால் நம் நாட்டில் அடிக்கடி நடப்பது வேறு. காவலரைக் கொன்றவன் பிடிபட்டதும் 'இவனை எதற்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்' என்ற குரல் எழுகிறது. என்கவுன்டர் நடந்தால் வாட்ஸ்அப்பில் பாராட்டு குவிகிறது. நடக்காவிட்டால், பிடிபட்டவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்ற செய்தியும் மாவுக்கட்டோடு ஒரு படமும் வருகின்றன. இறந்தவருக்குச் செய்யும் நியாயம் என்றே பலர் இதை மனதார நம்புகிறார்கள். அந்தக் கோபத்தில் பொய் இல்லை. ஆனாலும் அந்தக் காவலர் எதைக் காக்கப் போய் உயிரை விட்டாரோ அதையே அவர் பெயரால் உடைக்கிறோம்.

துக்காராம் ஓம்ப்ளேயின் மரணத்தைவிட இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. மும்பை டி.பி. மார்க் காவல் நிலையத்தின் உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலையில் இருந்தவர். முன்னாள் ராணுவத்தினர். அதே நவம்பர் 26 நள்ளிரவு தாண்டி, கிர்காவ் சௌபாட்டியில் தடுப்புப் போட்டு ஒரு காரை மறித்தார்கள். காரோட்டி வந்த பயங்கரவாதி இஸ்மாயில் கான் சுட்டுக் கொல்லப்பட்டான். மறுபக்கக் கதவிலிருந்து இறங்கிய அஜ்மல் கசாப்பின் கையில் ஏ.கே. 47. ஓம்ப்ளேயின் கையில் இருந்தது லத்தி. அவர் பாய்ந்து துப்பாக்கியின் குழலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். கசாப் விசையை அழுத்திக்கொண்டே இருந்தான். குண்டுகள் அவருடைய உடலுக்குள் இறங்கின. பிடியை அவர் விடவில்லை. அதற்குள் மற்றவர்கள் பாய்ந்து கசாப்பை அமுக்கினார்கள்.

கண்ணெதிரே தங்கள் ஆள் சல்லடையாகிக் கிடக்கிறார். கொன்றவன் கைக்குக் கிடைத்திருக்கிறான். அந்த இடத்தில் இருந்த காவலர்கள் அவனை அடித்தார்கள், ஆனால் உயிரோடு விட்டார்கள். அதனால்தான் தாக்க வந்த பத்துப் பேர் எங்கிருந்து வந்தார்கள், யார் பயிற்சி கொடுத்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அதனால்தான் ஒரு வழக்கு நடந்தது. அவனுக்கும் வக்கீல் வைக்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தண்டனை உறுதியானது. அதே வழக்கில் உடந்தை என்று சேர்க்கப்பட்டிருந்த இந்தியர் இருவர் போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலையானார்கள். கோபத்தின் போக்கில் விட்டிருந்தால் அவர்கள் இருவரும் எப்போதோ சுடப்பட்டிருப்பார்கள். ஓம்ப்ளேக்கு அசோக சக்ரா தரப்பட்டது, சிலை எழுந்தது, புதிதாகக் கண்டறிந்த ஒரு சிலந்தி இனத்துக்குக்கூட ஆய்வாளர்கள் அவர் பெயரை வைத்தார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே அந்த வழக்குதான் அவருடைய நினைவுச் சின்னம். கையில் லத்தி மட்டும் இருந்தது ஏன் என்ற கேள்வியையும் அந்தச் சின்னத்தின் மேலேயே எழுதிவைக்க வேண்டும்.

2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஊரே அழுதது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்தபோதும் ஊரே கொதித்தது. ஆறு மாத இடைவெளியில் ஒரே சீருடை இரண்டு விதமாக நம் முன் வந்தது. இரண்டாவதைப் பார்த்த பிறகு முதலாவதுக்கு எதற்கு அழ வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்கப் பார்த்தவர்களும் உண்டு. சாத்தான்குளம் நிலையத்திலேயே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் பார்த்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். வில்சனுக்குச் செய்யும் மரியாதையும் அந்தப் பெண் காவலருக்குச் செய்யும் மரியாதையும் ஒரே நெஞ்சிலிருந்து வர முடியும். வர வேண்டும். ஆபத்து தெரிந்தும் தன் கடமையை விட்டு நகராதவர்கள் இருவரும்.

திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதனின் மரணம் இன்னும் நெருடுகிறது. 2021 நவம்பர் 21 பின்னிரவு. இரவு ரோந்தில் இருந்தவர், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களை விரட்டிக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் கீரனூர் பக்கம் வரை போய்விட்டார். மடக்கியும் விட்டார். துணைக்கு ஆள் வந்துசேர்வதற்குள் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கைதான மூவரில் ஒருவனுக்கு 19 வயது. மற்ற இருவரும் சிறார்கள். ஒரு கோடி ரூபாயும் வாரிசுக்கு வேலையும் அறிவித்தது அரசு. இரவு ரோந்துக்குப் போகிறவர்கள் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும், தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்கக்கூடாது என்றார் அப்போதைய காவல்துறைத் தலைவர்.

துப்பாக்கி ஒரு பதில்தான். ஆனால் எதிரே நின்றவர்கள் சிறுவர்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் அந்தப் பதில் தொண்டையில் நிற்கிறது. ஆளைப் பிடித்த பிறகு ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருட்டில் ஏன் தனியாக நிற்க வேண்டியிருந்தது என்பதுதான் அடிக்கேள்வி. இரட்டை ஆளாய் ஒரே வண்டியில் போகும் அளவுக்கு நிலையத்தில் ஆள் இருந்தார்களா? முந்தைய பகல் முழுக்கவும் அவர் பணியில் இருந்தாரா? மாவட்ட எல்லை தாண்டியதும் அந்தப் பக்கத்து ரோந்துக்குத் தகவல் போனதா? இரங்கல் செய்திகளில் இவற்றுக்கு இடம் இருப்பதில்லை.

ஆடு மாடு மீட்கப் போய் இறந்தவருக்குக் கல் நடுவது தமிழ் மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலான வழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு நடுகல் ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவருக்கானது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மன் காலத்தது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய ஆள், எருமைகளைக் காத்து எப்படி மடிந்தான் என்பதை அது சொல்கிறது. கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளரைக் கடித்ததைக்கூட விடாமல் பொறித்திருக்கிறார்கள். நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. அவனோடு அன்று யார் இருந்தார், யார் இல்லை என்பது இன்று வாசிப்பவருக்கும் தெரிகிறது. டெல்லி சாணக்கியபுரியில் 2018-இல் திறந்த தேசியக் காவலர் நினைவகத்தின் சுவரில் 34,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பெயர்கள் மட்டும். அத்தனையையும் ஒரே இடத்தில் காண்பது மனதை உலுக்கும் அனுபவம்தான். ஆனால் அந்தச் சுவரிலிருந்து அடுத்த மரணத்தைத் தடுக்க உதவும் எதையும் யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

ஒவ்வோர் அக்டோபர் 21-லும் ஆயுதப்படை மைதானங்களில், முந்தைய ஆண்டு செப்டம்பர் முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை பணியில் இறந்த காவலர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். அந்தப் பெயர்களோடு நான்கு விவரங்கள் சேர்ந்தால் போதும்: அப்போது அவருடன் எத்தனை பேர் இருந்தார்கள், கையில் என்ன இருந்தது, எத்தனை மணி நேரமாகப் பணியில் இருந்தார், உதவி கேட்டாரா, கேட்டிருந்தால் எப்போது வந்தது. மைதானத்தில் வாசிக்க வேண்டாம் என்றால் அச்சிட்டு வெளியிடலாம். குடும்பம் கேட்டால் முதல் பிரதி அவர்களுக்கு. இந்த விவரங்களை எழுத வேண்டிய பொறுப்பை, இறந்தவருக்குப் பணி ஒதுக்கிய அதே அலுவலகத்திடம் விடக்கூடாது. இந்தியாவில் பெரிய ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வேலை செய்வதில்லை. விசாரணையில் கை கட்டப்படக்கூடாது என்பதற்காகவே அவரை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். பணியில் கொல்லப்படும் காவலருக்கும் அப்படி ஒரு வெளியாள் வேண்டும். அவருடைய அறிக்கை, பதவி பார்க்காமல், காவலருக்கும் கமிஷனருக்கும் ஒரே நீளத்தில் வர வேண்டும்.